அட்டையில் ஜெர்சி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மூன்று ஊசி. நான்காவதாக வந்த மாட்டைத் திருப்பி அனுப்பினேன். நேற்றே கத்தியதாம், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டாராம், இன்று ஓட்டிக்கொண்டு வருகிறார். பருவம் முடிந்த மாட்டுக்கு ஊசி போட்டு என்ன பிரயோஜனம்? அதற்கு அவர் என்னை முறைக்கிறார். மாட்டுக்குப் பருவம் என்ன பத்திரிகை வைத்துவிட்டா வரும்?

இருபத்திரண்டு வருடமாக இந்தப் பால் சங்கத்துக்குச் சினை ஊசி போடுகிறேன். பதினோரு ஊரில் திருமூர்த்தி என்றால் யாரென்று கேட்பார்கள், ஊசிக்காரர் என்றால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள்.

சாயங்காலம் பாவாயி அக்கா தன் கிடேரியைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். எட்டாம் மாதம். தலையீத்து, முதல் கன்று. தாய் செத்துப்போன கன்றைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர். புருஷன் தேங்காய் நார் மில்லில் காவலுக்கு இருக்கிறார். வீட்டில் மாடு என்று இருப்பது இது ஒன்றுதான். மூன்று வருடமாக இது ஈனும் நாளுக்காகக் காத்திருக்கிறார்.

"வயிறு இத்தாச்சோடு இருக்குதே, ரெட்டையா இருக்குமுங்களா தம்பி?" என்று கையை அகல விரித்துக் கேட்டார்.

கையை விட்டுப் பார்த்தேன். கன்றின் குளம்பு விரலில் பட்டது. எட்டாம் மாதத்துக்கு அது பெரிய குளம்பு.

"ஒண்ணுதானுங்க்கா" என்றேன். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

நைட்ரஜன் வண்டி வந்தது. விந்துக் குச்சிகள் உறைந்து கிடக்கும் குடுவையை நிரப்பியாயிற்று. வீட்டுக்காரி கோகிலா பல்லுக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும் என்கிறாள்.

மார்ச் 9, திங்கள்

கால்நடை மருந்தகத்தில் எங்களுக்கெல்லாம் வருடாந்திர வகுப்பு. டாக்டர் பவளக்கொடி நடத்தினார். தலைப்பு: கன்றின் பிறப்பு எடையும் ஈற்றுச் சிரமமும். எனக்கென்றே தலைப்பு வைத்ததுபோல இருந்தது. முன் வரிசையில் உட்காரும் வழக்கம் உள்ளவன், இன்று தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

டாக்டர் சொன்னதைச் சுருக்கமாக எழுதி வைக்கிறேன். கன்றின் எடையில் அப்பன் காளைக்குப் பெரிய பங்கு உண்டு. ஜெர்சி கலப்பில் இருபது, இருபத்திரண்டு கிலோ. கருப்பு வெள்ளைப் பெரிய இனமான எச்.எஃப் போட்டால் முப்பத்தைந்துக்கு மேலும் போகும். காளைக் கன்று கிடேரிக் கன்றைவிட ஒன்றிரண்டு கிலோ கூடுதல், வயிற்றில் ஒன்றிரண்டு நாள் கூடுதலாகவும் தங்கும். கடைசி இரண்டு மாதத்தில் தாய்க்குக் கண்டபடி தீவனம் போட்டால் கன்றும் பெருக்கும், பிறப்பு வழியிலும் கொழுப்பு கட்டும். அதற்காகப் பட்டினி போட்டால் கன்று சிறுக்காது, தாய்தான் முக்கச் சக்தியில்லாமல் படுத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே தாயின் இடுப்பெலும்பு. தலையீத்துக் கிடேரிக்கு அது இன்னும் விரிந்திருக்காது.

"அதனாலதான் சொல்றேன், சின்னக் கிடேரிக்கு எக்காரணம் கொண்டும் எச்.எஃப் போடாதீங்க. வீடு சின்னதா இருக்கும்போது வாசக்கால விடப் பெரிய பீரோவ உள்ள வெச்சுக் கட்டுன மாதிரி ஆயிரும். அப்புறம் செவுத்தத்தான் இடிக்கணும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சரி, டைரியிலாவது எழுதிவிடுகிறேன். போன ஜூலை நாலாம் தேதி பாவாயி அக்கா அந்தக் கிடேரியை மூன்று மைல் நடத்திக்கொண்டு வந்தார். ஏற்கெனவே இரண்டு பருவம் என் ஊசியில் சினை நிற்கவில்லை. அன்று குடுவையில் ஜெர்சி குச்சி தீர்ந்துவிட்டது. எச்.எஃப் மட்டும்தான் இருந்தது. நாளைக்கு வாருங்கள் என்றால் பருவம் போய்விடும். அடுத்த தடவை அவர் பைக்கில் வரும் தனியார் ஊசிக்காரனைக் கூப்பிட்டுவிடுவார். இருந்ததைப் போட்டேன். கிடேரிக்கு எச்.எஃப் போடக் கூடாதென்பது விதி, அதனால் மாட்டுக்காரருக்குக் கொடுக்கும் அட்டையிலும் என் ரெஜிஸ்டரிலும் ஜெர்சி என்று எழுதினேன். இருபத்திரண்டு வருடத்தில் அது ஒரு தடவைதான். ஒரே ஒரு தடவை.

மார்ச் 15, ஞாயிறு

பாவாயி அக்கா சந்தையில் பிடித்துக்கொண்டார். "பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கூட்டி வெக்கலாமுங்களா தம்பி? வவுத்துப் புள்ளக்காரிக்கு வெக்கற மாதிரி ரெண்டு நேரமும் வெக்கறன். போதுமா, இன்னங் கொஞ்சம் சேத்தட்டுமா?"

அளவைக் குறைக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். கையில் பையோடு, வெயிலில், பக்கத்தில் நாலு பேர் நிற்க, "வைங்க்கா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

ராத்திரி முழுக்கப் பருத்திக்கொட்டைதான். காலையில் போய்க் குறைக்கச் சொல்லலாம் என்று கிளம்பினேன். பாதி வழியில் ஒரு மாட்டுக்கு ஊசி என்று போன் வந்தது. திரும்பிவிட்டேன், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 29, ஞாயிறு

டாக்டருக்குப் போன் போட்டேன். "சொல்லுங்க திருமூர்த்தி" என்றார். கோமாரி தடுப்பூசி எப்போது வருகிறது என்று கேட்டேன். எப்போது வரும் என்று எனக்கே தெரியும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சங்கத் தலைவர் அர்த்தநாரி வீட்டுக் கிடேரி இன்று காலை கன்று போட்டது. அதுவும் தலையீத்துதான். நான் போய்ச் சேர்வதற்குள் கன்று எழுந்து நின்றுவிட்டது. கிடேரிக் கன்று, இருபத்தோரு கிலோ. மான் குட்டிபோலத் துள்ளுகிறது. தாய் நக்கிக்கொண்டே நிற்கிறது. தலைவருக்கு ஒரே சந்தோஷம். "உங்க கைராசி யாருக்கு வரும்?" என்று ஒரு துண்டைப் போர்த்திவிட்டார். சீம்பால் வேறு கொடுத்தனுப்பினார்.

கோகிலா சீம்பாலைக் காய்ச்சித் தட்டில் வைத்தாள். தட்டைத் தள்ளி வைத்தேன். "உங்களுக்குப் புடிச்சதாச்சே, என்னாச்சு?" என்றாள். வயிறு சரியில்லை என்றேன்.

மார்ச் ஒன்பதாம் தேதி எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. என் டைரியில் நானே பொய் எழுதிக்கொள்கிறேன், என் புத்தியை எதனால் அடிப்பது? ஜூலை நாலாம் தேதி ஜெர்சி குச்சி தீரவில்லை. ஒன்று இருந்தது. அன்று காலையில் தலைவர் போன் செய்திருந்தார்: எங்க கிடேரி அறிகுறி காட்டுது, நாளைக்கு வந்து போட்டுடுங்க என்று. அதற்காக அந்த ஒன்றை ஒதுக்கி வைத்தேன். முன்னால் வந்து நின்றது பாவாயி அக்கா. மூன்று மைல் நடந்து வந்தது பாவாயி அக்கா. அவருக்கு வர வேண்டியதைத்தான் மறுநாள் தலைவர் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டேன். இன்று அதற்குத்தான் துண்டு.

ஏப்ரல் 10, வெள்ளி

கணக்குப்படி இன்று பாவாயி அக்கா கிடேரிக்கு நாள். போன் வரவில்லை. நானும் போகவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

போனேன். மடி இறங்கிவிட்டது. வால் பக்கம் குழி விழுந்திருக்கிறது. ஆனால் வலி எடுக்கவில்லை. நாள் தள்ளுகிறதென்றால் காளைக் கன்றாக இருக்கலாம். உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் எடை ஏறும்.

பாவாயி அக்கா சந்தோஷமாக இருந்தார். "நாளு தள்ளுனா நல்ல கெட்டிக் கன்னா வருமுங்களாமே?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு ஒன்பது மாதம் ஓடிவிட்டது. நான் கெட்டிக்காரனுக்கும் மேலே.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப் பிறப்பு. கோகிலா விடிவதற்குள் எழுப்பிக் கனி பார்க்கச் சொன்னாள். தட்டில் கண்ணாடி வைத்திருந்தாள். முதலில் பார்த்தது என் முகத்தைத்தான்.

இன்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இன்று விடுமுறை. நாளைக்குச் சொல்கிறேன்.

ஏப்ரல் 15, புதன்

சொல்லவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. பத்தரைக்கு எனக்குப் போன். நான் போனபோது முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிந்தன. மூக்கு வரவில்லை. குளம்பு என் உள்ளங்கை அகலம். கிடேரி முக்கி முக்கிக் களைத்துப்போய்ப் படுத்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். நான்தான் டாக்டரைக் கூப்பிட்டேன். பன்னிரண்டு மணிக்கு வந்தார்.

டாக்டர் கையைத் தோள் வரை விட்டுப் பார்த்தார். அந்த நிலையிலேயே தலையைத் திருப்பி என்னைக் கேட்டார்.

"கால் தடியா இருக்கே. ஊசி என்ன போட்டீங்க திருமூர்த்தி? ஜெர்சின்னா நிதானமா இழுத்தா வந்துரும். பெரிய காளைன்னா நான் இழுக்க மாட்டேன். வண்டிய வரவழைச்சு ஆஸ்பத்திரிக்கு ஏத்தி வயித்தத் திறந்துதான் எடுக்கணும். கன்னு இன்னும் உசிரோட இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பாவாயி அக்கா வீட்டுக்குள் ஓடினார். பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த அட்டையை எடுத்துவந்து டாக்டர் முகத்துக்கு நேரே நீட்டினார். என் கையெழுத்து. நல்ல குண்டு குண்டான எழுத்து.

"ஜெர்சிதானே?" என்று டாக்டர் மறுபடியும் கேட்டார்.

ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஜெர்சிதானுங்க மேடம்" என்றேன்.

இழுத்தோம். காலில் கயிறு போட்டு, கிடேரி முக்கும்போதெல்லாம் நாலு பேர் இழுத்தோம். நானும் ஒருவன். தலை வந்தது. நெஞ்சு வந்தது. இடுப்பில் மாட்டிக்கொண்டது. டாக்டர் திருப்பிப் பார்த்தார், எண்ணெய் விட்டுப் பார்த்தார். தாய் கத்திய கத்தலை எழுத என்னால் முடியாது. முக்கால் மணி நேரம். கடைசியில் வந்தது. கருப்புக் காளைக் கன்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. உயிர் இல்லை. டாக்டர் நெஞ்சைத் தேய்த்தார், மூக்கில் வைக்கோலை விட்டுப் பார்த்தார். பிறகு எழுந்துவிட்டார்.

தீவன மூட்டை நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தோம். முப்பத்தேழு கிலோ.

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஜெர்சிக்கு முப்பத்தேழா? அதுவும் கருப்பு?"

"தாய் வழியில கருப்பு உண்டுங்க மேடம்" என்றேன். எங்கிருந்து வந்தது இந்த வார்த்தை? யோசிக்கக்கூட இல்லை, தானாக வந்தது.

"தீவனம் என்ன வெச்சீங்க?" என்று பாவாயி அக்காவைக் கேட்டார். அவர் சொன்னார். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "கடைசி மாசத்துல இவ்வளவு வெக்கச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்னது?"

பாவாயி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு டாக்டரிடம், "ஆரும் சொல்லலீங்க. நானாத்தான் வெச்சன்" என்றார்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கூட்டத்தில் யாரோ, "ஆசையிலயே கொன்னு போட்டாளே" என்றார்கள். பாவாயி அக்கா கன்றின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

கிடேரியால் பின்னங்காலை ஊன்ற முடியவில்லை. இடுப்பு நரம்பு நசுங்கியிருக்கிறதாம். எழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

ஏப்ரல் 17, வெள்ளி

கிடேரி எழவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

எழவில்லை. பாவாயி அக்காவும் புருஷனும் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடுகிறார்கள், புண் விழாமலிருக்க. நானும் போய்ப் புரட்டினேன். "உங்களுக்கு எத்தன வேலையோ, எதுக்குத் தம்பி சிரமம்?" என்கிறார். இவர் என்னை நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை.

சங்கத்தில் இதுதான் பேச்சு. "பாவாயி வெச்ச தீவனத்துக்கு ஆனைக்குட்டியே பொறந்திருக்கும்" என்று ஒருவர் சொல்ல, பால் ஊற்ற நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் ரெஜிஸ்டரைப் புரட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 22, புதன்

இன்று கிடேரி எழுந்துவிட்டது. கட்டை கட்டித் தூக்கியதில் நாலு காலும் ஊன்றி நின்றது. பின்னங்கால் ஒன்று மடங்கித்தான் இருக்கிறது, இருந்தாலும் நின்றது. எனக்கு அழுகை வந்தது. பிழைத்தோம் என்று நினைத்தேன். அதாவது, நான் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

அப்போது பாவாயி அக்கா சொன்னார்: "தேறுனதும் ஆருக்காச்சும் குடுத்துரலாமுன்னு இருக்கறன் தம்பி. எனக்கு மாடு வெக்கறதுக்கு யோக்கிதை இல்லீங்க. பெத்த புள்ளயாட்டம் வளத்தி, எங்கையாலயே தீனி வெச்சுக் கொன்னு போட்டன். அது மூஞ்சியப் பாக்கவே முடியலீங்க எனக்கு."

அதற்கு மேல் முடியவில்லை. சாணி பூசிய தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். எச்.எஃப் போட்டதை, அட்டையில் மாற்றி எழுதியதை, ஒரு ஜெர்சி குச்சி இருந்ததை, அதைத் தலைவர் வீட்டுக்கு ஒதுக்கியதை. டாக்டர் கையை உள்ளே வைத்துக்கொண்டு கேட்டபோதுகூடப் பொய் சொன்னதை. அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் கன்று பிழைத்திருக்கலாம் என்பதையும் சொன்னேன்.

பாவாயி அக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்ப நானு கொல்லலியா?" என்றார்.

"இல்லீங்க்கா. நீங்க இல்லீங்க."

"தீவனத்துக்கு உங்க பேரச் சொல்லியிருப்பன். ஊசிக்காரரு பேரு கெட்டுப்போச்சுன்னா நாலு ஊருக்காரங்களும் எங்க போவாங்கன்னு வாய மூடிக்கிட்டன்."

நான் காலில் விழப் போனேன். தள்ளி நின்றுகொண்டார்.

"கால்லயெல்லாம் உளுவ வேண்டாம். இங்க நானும் நீங்களும் கெடேரியுந்தான் இருக்கறம். இங்க சொன்னா ஆருக்குத் தெரியும்? பால் ஊத்தற எடத்துல அத்தன பேரும் என்னயச் சிரிச்சாங்க. அத்தன பேரு முன்னாலயும் சொல்லுங்க."

"சொல்றனுங்க்கா."

"நானு வந்து நின்னு கேப்பன்" என்றார்.

ஏப்ரல் 23, வியாழன்

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "என் கையால இழுத்தேனே திருமூர்த்தி" என்றார். மேலே எழுதி அனுப்பப் போகிறாராம். அனுப்பட்டும்.

கோகிலாவிடமும் சொன்னேன். நாளைக்கு நீ சங்கத்துப் பக்கம் வராதே என்றேன். வரத்தான் போகிறேன் என்கிறாள்.

ஏப்ரல் 24, வெள்ளி

காலை ஐந்தே முக்காலுக்குப் போனேன். முப்பது பேர் போல வரிசையில் நின்றார்கள். பாவாயி அக்கா வாசல் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரிடம் ஊற்றப் பால் இல்லை, கேட்கத்தான் வந்திருந்தார். தலைவர் அர்த்தநாரி உள்ளே மேசையில் இருந்தார். நேற்றே விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டாக்டருகிட்டச் சொல்லியாச்சுல்ல? ஊரக் கூட்டி எதுக்குங்க? எம்பேரு வேற வருது" என்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. "எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். கேன் சத்தமெல்லாம் நின்றது. பாவாயி அக்கா கன்று செத்தது தீவனத்தால் அல்ல, என்னால் என்றேன். போட்டது எச்.எஃப், எழுதியது ஜெர்சி என்றேன். அவருக்கு வர வேண்டிய குச்சியைத் தலைவர் வீட்டு மாட்டுக்குப் போட்டேன் என்றும் சொன்னேன். தீவனத்தை வைக்கச் சொன்னதும் நான்தான், அதற்கும் அவர் என் பேரைச் சொல்லவில்லை என்றேன்.

நான் எதிர்பார்த்தது வசவு. ஒருவராவது கையை ஓங்குவார் என்று நினைத்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. வரிசையில் முன்னால் நின்ற பழனாத்தாள் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "எங்க செவலக் கெடேரிக்கு மார்கழியில போட்டீங்களே, அது என்னதுங்க?"

அதற்குப் பின்னால் ஒருவர், "எங்களுக்குந்தான் சொல்லுங்க" என்றார். பிறகு இன்னொருவர். ஓடிப்போய் வீட்டிலிருந்து அட்டையை எடுத்து வந்தவர்களும் உண்டு.

ரெஜிஸ்டர் என் அக்குளில் இருந்தது. திறந்தேன். ஒரே ஒரு தடவை என்று இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். அப்படித்தான் நான் நம்பியும் இருந்தேன், அல்லது நம்பப் பழகியிருந்தேன். பக்கத்தைப் புரட்டப் புரட்ட ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. குச்சி இல்லாத நாள், அவசரமான நாள், மழை நாள். பழனாத்தாள் கிடேரிக்கு ஐந்தாம் மாதம் ஓடுகிறது. "எச்.எஃப்தானுங்க, இப்பவே டாக்டருகிட்டக் காட்டி வெச்சுக்குங்க" என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அட்டையை வாங்கி ஜெர்சியை அடித்துவிட்டு மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படி மொத்தம் ஐந்து அட்டை. கோகிலா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாவாயி அக்கா முதல் இரண்டு அட்டை வரைக்கும்தான் நின்றார். பிறகு திரும்பி நடந்துவிட்டார். கிடேரியைத் தூக்கி நிறுத்த நேரமாகியிருக்கும்.

ஆறாவதாக ராக்கியண்ணன் அட்டையோடு வந்தார். அவர் மாட்டுக்கு நான் சரியாகத்தான் போட்டிருந்தேன். ரெஜிஸ்டரைக் காட்டி, "உங்களுது ஜெர்சியேதானுங்க, மாத்தமில்ல" என்றேன்.

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அது எனக்கு எப்பிடிங்க தெரியும்?" என்றார்.